பெயர் எழுதிய சுவரும் பெயர் எழுதாத பாதையும்

மக்கள் கூடிச் செய்யும் உல்லாசப் பயணங்களை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அரசர் படை நடத்திச் சென்ற வழி ஆராயப்படுகின்றது. வணிகர் பண்டமேற்றிச் சென்ற வழியும் ஆராயப்படுகின்றது. ஒரு குடும்பத்தாரோ, ஒரே வழிவந்தோர் அமைத்த சங்கத்தாரோ, கட்டுச்சோறும் பிள்ளைகளுமாகத் தம் முன்னோரோடு தொடர்புடைய ஓரிடத்துக்குச் சென்று மீளும் பயணம் மட்டும் வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கப்படுகின்றது. எனினும் இத்தகைய பயணங்களிலேதான் பாட்டன் பெயரும் பூட்டன் ஊரும் இளையோர் காதில் விழுகின்றன. ஏட்டில் எழுதப்படாத வரலாறு பெரும்பாலும் இவ்வாறே கைமாறி வந்துள்ளது.

இந்த உண்மையை ஆராய்வதற்கு மாத்தளை மாவட்டம் பொருத்தமானதொரு களமாகும். அம்மாவட்டத்தின் வட எல்லையை அடுத்துச் சீகிரியாக் குன்றம் நிற்கின்றது. அங்கு வந்து சென்றோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தம் பெயர்களைச் சுவரில் எழுதிவைத்தனர். அக்குன்றிலிருந்து இருபது கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவில், தம்புள்ளையூடாக மாத்தளை நோக்கி ஒரு பாதை செல்கின்றது. அப்பாதையிற் சென்ற பல்லாயிரவரின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. சுவரையும் பாதையையும் ஒருங்கே வைத்து நோக்கினால், வழித்தோன்றல்கள் கூடிச் செய்யும் பயணத்தின் பொருள் தெளிவாகும்.

சீகிரியாவின் வரலாறு ஒரு குடும்பப் பகையிலிருந்து தொடங்குகின்றது. தாதுசேனனைக் கொன்று அவன் மகன் காசியப்பன் அரியணை ஏறினான் என்றும், முடிக்குரிய மற்றொரு மகனாகிய மொகல்லான் இந்தியாவுக்குத் தப்பிச் சென்றான் என்றும் சூளவம்சம் கூறுகின்றது. காசியப்பன் அநுராதபுரத்தைக் கைவிட்டு, சுற்றுநிலத்தினின்று ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் இப்பாறையைத் தன் உறைவிடமாக்கினான். அவன் ஆட்சி கி.பி. 477 முதல் 495 வரை நீடித்ததெனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. பதினெட்டாம் ஆண்டில் மொகல்லான் படையோடு திரும்பினான். போர்க்களத்திலே சேற்று நிலத்தைத் தவிர்க்கக் காசியப்பனின் யானை விலக, அவன் பின்வாங்குவதாகக் கருதிப் படை சிதறியது. மன்னன் தன் கழுத்தைத் தானே அரிந்து மாண்டான். வெற்றிபெற்றவன் தலைநகரை மீண்டும் அநுராதபுரத்துக்கு மாற்றினான், குன்று பிக்குகளுக்குரியதாயிற்று.

எனவே, குன்றைக் கோட்டையாக்கியவன் குலம் அங்கே நிலைக்கவில்லை. அதன் நினைவைக் காத்தவர்கள் பின்னாளிற் காணவந்தோரே. ஓவியங்களுக்குச் செல்லும் வழியை ஒட்டிய கண்ணாடிச் சுவரின் மெருகேற்றிய சாந்தின்மீது அவர்கள் கூரிய எழுதுகோலாற் பாக்களைப் பொறித்தனர். பொன்னிற மங்கையரை வியந்தோரும் உளர்; அம்மங்கையரின் மௌனத்தைக் கடிந்தோரும் உளர். தொல்லியல் ஆணையாளராக விளங்கிய செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாக்களைப் படித்து, 1956ஆம் ஆண்டு இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அவை பெரும்பாலும் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சிங்கள மொழி வரலாற்றை ஆராய்வோருக்கு அத்தொகுதிகள் இன்றும் அடிப்படை நூலாகும்.

மொழிநூலார்க்குப் பயன்படும் அச்சுவர் சமூக வரலாற்றாசிரியனுக்கும் பயன்படுவது. பாடியோருட் பலர் இன்னார் எனத் தம்மைக் குறித்துள்ளனர். பெயரோடு ஊரையும் பதவியையும் சேர்த்து எழுதியோரும் உளர். அரசவையோடு தொடர்புடையோர் மட்டுமன்றிப் பிக்குகள், படைவீரர், எழுத்தர் எனப் பலதரத்தாரும் அங்கே இடம்பெறுகின்றனர். பெண்களும் எழுதியுள்ளனர், சிலர் இன்னாருடைய மனைவி எனக் குறிக்கப்படுகின்றனர். இவர்களுட் பெரும்பாலோரைப் பற்றி வம்ச நூல்கள் ஒரு சொல்லும் கூறுவதில்லை. காட்சி காண வந்த ஒருநாளில் ஒருவர் எழுதிய ஒரு வரியே அவர் இவ்வுலகில் வாழ்ந்தார் என்பதற்கு எஞ்சிய ஒரே சான்றாயிற்று. இன்று அச்சுவரில் எழுதுவது குற்றம். அது முற்றிலும் நியாயமே. ஆயினும் எளியோர் பெயர் நிலைப்பதற்கு அரச கட்டளை வேண்டியதில்லை, எழுதுவதற்கு ஓரிடமும் எழுதும் எண்ணமுமே போதும் என்பதை அச்சுவர் உணர்த்துகின்றது.

முன்னோர் பெயரைக் காப்பதையே நோக்கமாகக் கொண்ட சங்கங்கள் பிற்காலத்துக்குரியவை. இலங்கையில் அவற்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, டச் பேர்கர் யூனியன் என வழங்கும் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கமாகும். அரசாங்க ஆவணக் காப்பாளராகப் பணியாற்றிய ஆர். ஜி. அந்தோனிஸ் முன்னின்று 1908ஆம் ஆண்டு கொழும்பில் அதனை நிறுவினார். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் காலத்தில் இத்தீவுக்கு வந்த ஐரோப்பியரின் ஆண்வழித் தோன்றல்கள் அதன் உறுப்பினராயினர். ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்து நூறாண்டுக்கு மேலான பின்னர், பிரித்தானியர் ஆட்சியில் எழுதுவினைஞராகவும் சட்டத்தரணிகளாகவும் மருத்துவர்களாகவும் வாழ்ந்த ஒரு சிறு சமூகம், தான் யார் என்ற வினாவுக்கு விடைதேடி ஒன்றுகூடியது. சங்கம் தொடங்கிய ஆண்டிலேயே அதன் சஞ்சிகையும் வெளிவந்தது. குடும்பம் குடும்பமாக வமிசாவளிகள் அதில் அச்சிடப்பட்டன. ஒவ்வொன்றும் கப்பலேறி வந்த முதல்வனின் பெயரோடும் ஊரோடும் தொடங்கிப் பேரர் வரை கிளைவிட்டுச் செல்லும்.

அச்சங்கம் ஆவணங்களோடு மட்டும் நின்றுவிடவில்லை. நடனங்கள், விருந்துகள், ஒன்றுகூடல்கள், மார்கழித் தொடக்கத்திற் பிள்ளைகளுக்காக நடைபெற்ற புனித நிக்கொலஸ் விழா ஆகியன அதன் சமூக வாழ்வின் கூறுகளாயின. வாழையிலையிற் சோற்றையும் கறிகளையும் பொதிந்து போறணையிற் சுட்டெடுக்கும் லம்பிரைஸ் என்னும் உணவு அச்சமூகத்தின் அடையாளமாக இன்றும் பேசப்படுகின்றது. வமிசாவளியை வாசிப்போர் சிலர்; விருந்துக்கு வருவோர் பலர். விருந்துக்கு வந்த பிள்ளையே பின்னாளில் வமிசாவளியைத் தேடும் முதியவராகின்றது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர்ப் பறங்கியர் பெருந்தொகையினராக அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தனர். அங்கே பிறந்த பேரர்கள் கொழும்புக்கு வரும்போது, அச்சிட்ட அந்த வமிசாவளிகளே அவர்களுக்கு வழிகாட்டுகின்றன.

இவ்வளவு நிறைவான வமிசாவளிகளை அவர்களால் எவ்வாறு தொகுக்க முடிந்தது என்பது கேட்கவேண்டிய வினாவாகும். விடை எளியது. அவர்தம் முன்னோர் ஆட்சியாளரின் ஆட்கள். கம்பனியின் சம்பளப் பட்டியல்களிலும் தேவாலயத்தின் ஞானஸ்நான, விவாகப் பதிவுகளிலும் அவர்கள் பெயர் பெற்றிருந்தனர். ஒல்லாந்தர் தாம் ஆண்ட கரையோரக் குடிகளையும் தோம்புகளில் எழுதினர். தோம்பு என்ற சொல் யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளோடு பழகியோர்க்குப் புதியதன்று. வரி வாங்குவதற்காக எழுதப்பட்ட தோம்பு, பிற்காலத்திற் குடும்ப வரலாற்றுக்குத் துணையாயிற்று. அதிகாரம் ஒருவனை எந்நோக்கத்தோடு எழுதியிருப்பினும், பெயரோடு எழுதியிருந்தால் அது பேரனுக்குப் பயன்படும். பெயரின்றி எண்ணி மட்டும் வைத்திருந்தால் பயன்படாது.

இனி, அதே மாவட்டத்தின் பாதைக்கு வருவோம். 1820களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. அதற்கு வேண்டிய உழைப்பாளர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலான மாவட்டங்களிலிருந்து அழைத்து வரப்பட்டனர். கங்காணியின் பின்னே கூட்டமாகக் கடற்கரையை அடைந்து, பாய்மரத் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வறண்ட காடு, குடிநீர்ப் பஞ்சம், வாந்திபேதி, மலைக்காய்ச்சல் ஆகியவற்றைக் கடந்தோர் மலையேறினர். கடவாதோர் வழியிலேயே விடப்பட்டனர். மாண்டவர் தொகைபற்றிய மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. அவ்வாறு வேறுபடுவதே ஒரு சான்றாகும். மாண்டோரின் பெயர்கள் எழுதப்பட்டிருப்பின் மதிப்பிட வேண்டிய தேவையே எழுந்திராது. டொனவன் மோல்ட்ரிச் 1989இல் வெளியிட்ட நூல் இக்கோப்பிக்காலத் துயரை விரிவாக ஆராய்கின்றது. மாத்தளை முத்துமாரியம்மன் கோவில், நடந்து களைத்தோர் தங்கி இளைப்பாறிய இடத்தோடு தொடர்புடையதென்பது மக்கள் வழக்கு.

மேஜர் ஜொனதன் போர்ப்ஸ் 1831இற் காடு மூடிய சீகிரியாவைக் கண்டு எழுதினார், 1890களில் எச். சி. பி. பெல் அங்கே அகழாய்வு தொடங்கினார். அவர்கள் பாறையின் பழம்பெருமையைக் கண்டறிந்த அதே காலப்பகுதியில், அண்டைப் பாதையிற் கூலிக் கூட்டங்கள் வருவதும் போவதுமாக இருந்தன. பாறையைப் பற்றி எழுதுவதற்கு ஆளிருந்தது. பாதையில் விழுந்தோரைப் பற்றி எழுதுவதற்கு ஆளிருக்கவில்லை. 1869இற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது; தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பருவகால உழைப்பாளர் நிரந்தரக் குடிகளாயினர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல்கள் ஓடியதாலும், 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதாலும் நடைவழி மறக்கப்பட்டது.

தோட்டங்களிலும் பதிவுகள் இருந்தன. பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணப்பட்டது. செக்றோலில் நாட்பேர் குறிக்கப்பட்டது. கங்காணிக்குரிய கடன் துண்டில் எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தோர்க்கு எண் பொறித்த தகரவில்லைகள் வழங்கப்பட்டன. ஒருவர் எந்தத் தோட்டத்துக்குச் செல்லவேண்டும், அவர் பொருட்டு யாருக்கு எவ்வளவு செலவு என்பதை அத்தகரம் கூறும். அவர் யார் மகன், யார் பேரன் என்பதைக் கூறாது. தோட்டத்துக்குத் தேவைப்பட்டது உழைப்புக் கணக்கு, குலக்கணக்கு அன்று.

அக்குலக்கணக்கை அரசு ஒருநாள் திடீரெனக் கேட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும் என விதித்தது. பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதோ 1897ஆம் ஆண்டளவிலேயாகும். லயத்திற் பிறந்த தந்தையின் பிறப்பை எந்தப் பத்திரத்தாற் காட்டுவது? பாதையில் நடந்துவந்த பூட்டனின் பெயரை யார் எழுதிவைத்தார்? அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் தொடர்ச்சியான வதிவுக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், ஏறத்தாழ 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது.

இங்கே ஓர் ஒப்பீடு தவிர்க்கவியலாதது. தந்தை, பாட்டன், பூட்டன் என்ற ஆண்வழி வரிசை ஒரு சமூகத்துக்குச் சங்கத்திற் சேர்வதற்குரிய தகுதியாயிருந்தது. அதைக் காட்ட இயலாதவர் ஒரு விருந்தை இழப்பார், அவ்வளவே. அதே வரிசை மற்றொரு சமூகத்துக்கு நாட்டில் வாழ்வதற்குரிய தகுதியாக்கப்பட்டது; அதைக் காட்ட இயலாதவர் வாக்கையும் நாட்டையும் இழந்தார். பறங்கியர் சங்கத்தார் இதற்குப் பொறுப்பானவர் அல்லர். குடும்ப வரலாறு என்பது வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதையே இவ்வொப்பீடு காட்டுகின்றது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோராகக் கணிக்கப்பட்ட ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்து அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறுநாட்டுக்கும் உரியவராயினர். தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றழைத்தனர். பூட்டன் நடந்துவந்த கரைக்கே பேரன் அழுதுகொண்டு திரும்பினான். நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியோர் அட்டனையும் பதுளையையும் தம் ஊராகக் கூறி வாழ்ந்தனர். 1980களிற் போர்ச் சூழலால் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பற் சேவை நின்றபின், உறவுகளின் போக்குவரத்து மேலும் அருகியது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் நோக்கில் 2003ஆம் ஆண்டில் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. முதற் சட்டத்துக்கும் அதற்குமிடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

இப்பின்னணியிலேயே 2023ஆம் ஆண்டின் நடைபயணத்தை நோக்கவேண்டும். மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை முன்னிட்டுக் குடிசார் அமைப்புகள் இணைந்து அதனை ஒழுங்குசெய்தன. யூலை மாத இறுதியில் தலைமன்னாரிலே தொடங்கிய பயணம், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகச் சென்று ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. வேறு சமூகத்தவரும் உடன்நடந்தனர். காணி, வீடு, ஊதியம், சமத்துவமான பிரசாவுரிமை ஆகியவை பற்றிய கோரிக்கைகள் முன்வைக்கப்பட்டன. முன்னோர் இறங்கிய கரையில் தொடங்கி, அவர்கள் சென்ற வழியிலேயே வழித்தோன்றல்கள் கூடி நடந்த பயணம் அது.

அது அரசியற் செயல், உல்லாசப் பயணமன்று எனச் சிலர் கூறலாம். அக்கூற்றில் உண்மையுண்டு. எனினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. வமிசாவளி அச்சிடப்பட்ட சமூகம் தன் முன்னோரைப் புத்தகத்தில் காணலாம். ஆகவே அதன் ஒன்றுகூடல் விருந்தாகவே அமையலாம். பெயர்ப்பட்டியல் இல்லாத சமூகம் முன்னோரைக் காண்பதற்கு அவர்கள் சென்ற நிலத்துக்கே செல்லவேண்டியுள்ளது. கல்லறையில்லாத இடத்திலே பாதையே நினைவிடமாகின்றது.

ஆனால் நடையோடு இது நின்றுவிடுமாயின், நடந்தோரின் நினைவோடு அதுவும் மறையும். மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் காட்டிய வழி குடும்ப வரலாற்றிலும் பின்பற்றப்படவேண்டும். ஒவ்வொரு குடும்பத்திலும் முதியோர் நினைவிலுள்ளவை எழுதப்படவேண்டும்: தமிழகத்துப் பூர்வீக ஊர், அழைத்துவந்த கங்காணியின் பெயர், முதலில் வாழ்ந்த தோட்டம், பின்னர் மாறிய தோட்டங்கள், இந்தியாவுக்குச் சென்ற உறவினர், அவர்கள் குடியேறிய இடம். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயரொன்றும் மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயரொன்றும் இருப்பதால், இரண்டையும் குறிப்பது இன்றியமையாதது. தமிழ்ப் பெயர் மறைந்தால், பாட்டி சொன்ன தோட்டம் எதுவென்பதைப் பேரனால் வரைபடத்திற் கண்டுகொள்ள இயலாது.

இம்முயற்சியில் இரு குறைகள் நேராமற் காக்கவேண்டும். முதலாவது, ஆண்வழியை மட்டும் எழுதும் வழக்கம். சங்கத்தின் விதியும் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வழக்கத்தையே கொண்டிருந்தன. கொழுந்து பறித்துத் தோட்டத்தையும் குடும்பத்தையும் தாங்கியவர்கள் பெண்கள். தாய்வழியை விட்டெழுதிய பதிவேடு பாதி வரலாற்றையே கூறும். கண்ணாடிச் சுவரிற் கூடப் பெண்களுக்கு இடமிருந்தது. இரண்டாவது, குலப்பெருமை. முன்னோரைத் தேடும் ஆர்வம் சாதியுயர்வைத் தேடும் ஆர்வமாக மாறுதல் எளிது. நடந்துவந்தோரிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதை மறைத்து எழுதும் வரலாறு, அவர்களை இரண்டாம் முறை பெயரற்றோராக்கிவிடும்.

பாடசாலைகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் மாணவர் ஆண்டுதோறும் சீகிரியாவுக்குச் செல்கின்றனர். மாத்தளையிலிருந்து வடக்கே செல்லும் அவர்களின் வண்டி, நாலந்தையையும் தம்புள்ளையையும் கடந்து, இனாமலுவையிற் குன்றுக்குத் திரும்புகின்றது. அவ்வழியின் பெரும்பகுதி மலையேறச் சென்றோர் நடந்த வழியே. திசை மட்டும் மாறியுள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாவலனின் பெயரை வாசிக்கச் செல்லும் மாணவர், செல்லும் வழியில் நடந்தோர் யாவர் என்பதையும் கேட்டறிதல் தகும். அவர்களுட் சிலருடைய வீட்டில் அவ்வினாவுக்கு விடைகூறக்கூடிய ஒரு பாட்டியோ பாட்டனோ இன்னும் இருக்கக்கூடும். குன்றுக்குச் செல்லும் முன்னர் அவர்களிடம் சென்று, கேட்டதை நாளும் இடமும் இட்டு எழுதி, ஒரு பிரதியைத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திற் சேர்ப்பதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு குறிப்பேடும் ஒரு விடுமுறையும் போதும்.